கித்தூர் இராணியும் திரைப்படமும்



வீரபாண்டியக் கட்டபொம்மனின் வரலாற்றை 1959இல் தமிழ்த் திரைக்குத் தந்தவர் பி. ஆர். பந்துலு. ஈராண்டுகளின் பின், 1961இல், கம்பனி ஆட்சியை எதிர்த்து நின்ற ஒரு பெண்ணரசியின் வரலாற்றை அவர் கன்னடத்திற் படமாக்கினார். அதுவே ‘கித்தூர் சென்னம்மா’. தமிழ் இரசிகர் நன்கறிந்த பி. சரோஜாதேவி இராணியாகவும், ராஜ்குமார் அரசர் மல்லசர்ஜாவாகவும் நடித்தனர். கன்னடப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது.

பெல்காமுக்கும் தார்வாருக்கும் இடையே அமைந்த கோட்டை நகரம் கித்தூர். மல்லசர்ஜா 1816இல் இறந்தார். அவருடைய மூத்த மனைவியின் மைந்தர் சிவலிங்க உருத்திரசர்ஜா 1824 செப்டெம்பரிற் பிள்ளையின்றி மறைந்தார். அரசுக்கு உரியவனாகச் சிவலிங்கப்பா என்னும் சிறுவன் சுவீகாரம் எடுக்கப்பட்டான். தார்வார் கலெக்டர் தாக்கரே அந்தச் சுவீகாரத்தை ஏற்க மறுத்தார். கித்தூர்ப் பொக்கிஷத்துக்கு முத்திரையிட்டுக் காவலும் வைத்தார்.

வழக்கின் உயிர்நிலை இதுதான். பிள்ளையில்லாத வீட்டில் ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்து, உரிமையையும் ஈமக்கடனையும் அவனிடம் ஒப்படைப்பது நம் நாடுகளிற் பழைய வழக்கம். “எமது அனுமதியின்றி அவன் பிள்ளையாகான்” என்றது கம்பனி. அரசுரிமைப் பூசலெனினும், குடிசையில் வாழ்பவனுக்கும் இது விளங்கும். வரலாற்றுப் படங்கள் பல, போரைக் காட்டிவிட்டுப் போரின் காரணத்தை மறந்துவிடுகின்றன. கித்தூரின் கதையிலோ காரணமே பாதிக் கதையாகும்.

1824 ஒக்டோபர் 23ஆம் நாள் கோட்டை வாயில் அடைபட்டுக் கிடந்தது. திறக்குமாறு தாக்கரே கெடு விதித்தார். வாயில் திறந்தது, ஆனால் வெளிப்பட்டவர்கள் கித்தூர் வீரர்கள். தாக்கரே அங்கேயே மாண்டார். எலியட், ஸ்டீவன்சன் என்னும் இரு ஆங்கில அதிகாரிகள் சிறைப்பட்டனர். வெற்றிக் களிப்பிலும் அவர்களுக்குத் தீங்கு நேரவில்லை. பின்னர் உயிருடன் விடுவிக்கப்பட்டனர். அந்த வால்ட்டர் எலியட்தான் 1845இல் அமராவதித் தூபியை அகழ்ந்தவர். தென்னிந்திய நாணயங்களை ஆராய்ந்து நூல் எழுதியவர். இராணியின் பெருந்தன்மையாற் பிழைத்த உயிர் வரலாற்றுக் கல்விக்கும் பயன்பட்டது.

டிசெம்பரிற் பெரும்படை திரண்டு வந்தது. சர் தோமஸ் மன்றோவின் உறவினரான ஓர் அதிகாரி அப்போரில் இறந்தார். எனினும் பீரங்கிகளின் முன் கோட்டை நிலைக்கவில்லை. பைலகொங்கலிற் சிறைவைக்கப்பட்ட சென்னம்மா, 1829இல் அங்கேயே உயிர்நீத்தார். அவருடைய வீரர் சங்கொள்ளி இராயண்ணா தொடர்ந்து போராடி, 1831இல் தூக்கிலிடப்பட்டார்.

படத்தை எடைபோடும்போது ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். சரோஜாதேவிக்கு அப்போது வயது 23. இராணி பிறந்தது 1778 எனக் கொண்டால், போர் மூண்டபோது அவருக்கு வயது 46. திரை இளமையையும் வாள்வீச்சையும் விரும்பும். அது அக்கலையின் இயல்பு. வரலாற்றுச் சென்னம்மாவோ கணவனையும், மகனின் இடத்திலிருந்த ஒருவனையும் இழந்தவர். எடுத்த பிள்ளையின் உரிமைக்காகக் கடிதமும் தூதும் அனுப்பிப் பார்த்து, பயனில்லை என்று கண்ட பின்னரே போருக்குத் துணிந்தவர். வாளேந்திய கோலத்தோடு இந்தப் பொறுமையையும் சேர்த்துக் காண்பவருக்கே அவரின் முழு உருவம் புலப்படும்.

ஜான்சி இராணி இலட்சுமிபாய் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியால் உலகறிந்தவர். சோராப் மோடி 1953இலேயே அவரைத் திரையிற் காட்டினார். ஜான்சியிலும் சுவீகாரமே பூசலுக்கு வித்து. ஆனால் கித்தூர் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. கன்னட நாட்டுக்கு வெளியே பலர் அறியாதிருந்த அந்தப் பெயரைத் திரையில் ஒலிக்கச் செய்ததே பந்துலுவின் படத்துக்குரிய சிறப்பு. 2007இல் இந்திய நாடாளுமன்ற வளாகத்திற் சென்னம்மாவுக்குச் சிலை எழுந்தது. கித்தூர்க் கோட்டையின் இடிந்த சுவர்கள் இன்றும் நிற்கின்றன.