விதையும் மண்வெட்டியும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நான் அஸ்தினாபுரத்தில் குடியிருப்பவன். செம்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகள் இன்றும் இருக்கின்றன. அவை பாய்ந்த வயல்கள்தான் மனைகளாகி விட்டன. என் வீடும் அப்படி ஒரு மனையில்தான் நிற்கிறது. அதனால்தானோ என்னவோ, ஏழை விவசாயிகளுக்கு உதவலாம் என்று பேச்சு வந்தபோது முதலில் கை தூக்கியவன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் சிலர் பணம் போட்டு, மதுராந்தகம் பக்கம் ஒரு கிராமத்துக்கு வீரிய ஒட்டு நெல் விதையும், மண்வெட்டி, கருக்கரிவாள், கோனோவீடர் என்கிற களையெடுக்கும் கருவியும் கொண்டுபோய்க் கொடுத்தோம். மாலை, போட்டோ எல்லாம் அமர்க்களம்!

மறு வருஷம் போனேன். மண்வெட்டியும் அரிவாளும் தேய்ந்திருந்தன, சந்தோஷம். கோனோவீடர் மட்டும் கோயில் மண்டபத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. ஒரு அம்மா சொன்னார்: "ஏன் சார், வரிசையா நட்டாத்தானே இது ஓடும்? நாங்க கைபோன போக்குல நடறவங்க. அப்படியே ஓடினாலும் எங்க களையெடுப்புக் கூலி என்ன ஆவறது?" எனக்குப் பதில் வரவில்லை.

விதை கதை இன்னும் மோசம். ஒட்டு ரக நெல்லை எடுத்து வைத்து மறுபடி விதைத்தால் முதல் வருஷத்துக் குணம் அப்படியே வராது. ஆகவே அவர்கள் மறுபடியும் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். தன் காலில் நிற்க வைக்கப் போன நாங்கள், எங்கள் கையை எதிர்பார்க்க வைத்துவிட்டு வந்தோம். குற்றம் எங்களுடையது. கேட்காமல் கொடுத்தோம்.

இதைச் சரியாகச் செய்தவர் ஒருவர் நம் தமிழ்நாட்டிலேயே இருந்தார். திருத்துறைப்பூண்டி பகுதியைச் சேர்ந்த நெல் ஜெயராமன். நம்மாழ்வார் ஐயாவின் வழியில் வந்தவர். 2006 முதல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். வருகிற விவசாயிக்குப் பாரம்பரிய விதைநெல் 2 கிலோ கொடுப்பார். பணம் கிடையாது. அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். ஒருவர் தந்த 4 கிலோ அடுத்து இரண்டு பேருக்குப் போகும். வாங்குகிறவர் மறு வருஷமே கொடுக்கிறவர் ஆகிவிடுகிறார், தலைகுனிவு இல்லை. ஒற்றை நாற்று நடவில் ஏக்கருக்கு 2, 3 கிலோ விதையே போதும் என்பதை நினைத்தால் இந்த 2 கிலோவின் பெருமை புரியும்.

மாப்பிள்ளைச் சம்பா, வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கும் காட்டுயானம், உவர் நிலத்தில் விளையும் குழியடிச்சான் என்று 174 ரகங்களை மீட்டவர் என அவரைச் சொல்வார்கள். 2018 டிசம்பரில் மறைந்தார். அவர் கொடுத்த விதை அவரோடு போகவில்லை.

சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, கொடுக்கும் முன் ஊரைக் கேட்போம். குறிப்பாக நாற்று நடும் பெண்களைக் கேட்போம். கருவி வேண்டும் என்றால் அவர்கள் குழுவின் பெயரிலேயே கொடுப்போம். வாடகை அவர்களுக்கே வரட்டும். இரண்டு, எடுத்து வைத்து விதைக்கக்கூடிய ரகமே கொடுப்போம். மூன்று, மாணவச் செல்வங்களே, இது உங்களுக்கு: விதையில் நூறு மணியை எண்ணி ஈரத்துணியில் கட்டிப் பாருங்கள். எண்பதாவது முளைக்காவிட்டால் அந்த மூட்டையை வண்டியில் ஏற்றாதீர்கள். ஏழைக்கு ஒரு போகம் போனால் ஒரு வருஷமே போயிற்று.

போட்டோவுக்கு அடுத்த வருஷம் போவோம். அவர்கள் திருப்பித் தரும் 4 கிலோவை நாம் வாங்கிக்கொள்ளும் போட்டோவாக அது இருக்கட்டும்.