பற்றவைப்பின் ஆயுளை எதில் அளப்பது?

வார விடுமுறையை விட்டுக்கொடுத்து ஜெபல் அலியிலிருந்தும் முசஃபாவிலிருந்தும் ருவைஸிலிருந்தும் தேராவுக்கு வந்திருக்கும் பொறியாளர்களே, ஆய்வாளர்களே, ஃபோர்மேன்களே, வெல்டர் தம்பிகளே, உங்கள் எல்லோருக்கும் என் நன்றி.

இரு வேறு உலோகங்களை இணைக்கும் வெல்டிங்கில், திரும்பத் திரும்ப இழுபடுவதால் ஏற்படும் அயர்ச்சி பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். மின் நிலையக் கொதிகலன்கள் பலவற்றில் இந்த இணைப்பைத் தவிர்க்க முடிவதில்லை. சூடு குறைந்த பகுதிக்கு ஃபெரிடிக் எஃகு போதும், விலையும் குறைவு. நீராவி உச்சச் சூட்டை எட்டும் இடத்துக்கு ஸ்டெயின்லெஸ் வேண்டும். இரண்டும் எங்காவது சந்தித்துத்தானே ஆக வேண்டும்?

அந்தச் சந்திப்பில்தான் சிக்கல். கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 மி.மீ. விட்டமுள்ள குழாயின் சூட்டை 500 டிகிரி ஏற்றினால், ஆஸ்டெனிடிக் ஸ்டெயின்லெஸ் ஏறத்தாழ 2.7 மி.மீ. விரியும். ஃபெரிடிக் வகையான 9 சதவீதக் குரோமிய எஃகோ 1.9 மி.மீ. அளவில் நின்றுவிடும். இந்த 0.8 மி.மீ. பிணக்கு முழுவதும் வெல்டிங்கின் தலையில் விடிகிறது. நிலையம் ஒரே சீராக ஓடினால் உலோகம் மெல்லத் தளர்ந்து கொடுக்கும். நிறுத்தி நிறுத்தி ஏற்றினால் ஒவ்வொரு தடவையும் புதிதாக இழுபடும். போதாததற்கு, ஃபெரிடிக் பக்கத்துக் கரிமம் குரோமியம் மிகுந்த வெல்ட் உலோகத்துக்குள் நகர்ந்துவிடுகிறது. உருகிய எல்லையை ஒட்டி வலுவிழந்த மெல்லிய பட்டை ஒன்று மிஞ்சும். அரைத்து மெருகேற்றி, அமிலம் தடவி, நுண்நோக்கியில் வைத்தால் வெளிறித் தெரியும். விரிசலுக்கு அதுவே நல்ல வழி.

இதற்கு மருந்து தேடியவர்களில் நம் கல்பாக்கம் ஆய்வாளர்களும் உண்டு. வேக ஈனுலையின் நீராவி உற்பத்தி அமைப்புக்காக, ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் குரோமிய எஃகுக்கும் நடுவே அலாய் 800 துண்டைச் சேர்த்தார்கள். அதன் விரிவு இரண்டுக்கும் இடைப்பட்டது; ஆகவே பிணக்கு இரு இணைப்புகளில் பங்கிடப்படுகிறது. அருமையான யோசனை என்பேன்.

ஆனால் வளைகுடாவில் நிலைமை மாறிவருகிறது. சூரிய மின்சாரம் பெருகப் பெருக, எரிவாயு நிலையங்களைப் பகலில் தணித்து மாலையில் ஏற்ற வேண்டியிருக்கும். 6ஜி வெல்டிங் டெஸ்ட்டில் தேறிய கை போட்ட, எக்ஸ்ரேயில் குறையே தெரியாத இணைப்புக்கும் அந்த ஏற்ற இறக்கம் ஆயுள் செலவுதான். எத்தனை ஆண்டு ஓடியது என்று மட்டும் எழுதிவைப்பது போதாது. எத்தனை தடவை நிறுத்தினோம், எவ்வளவு வேகமாகச் சூடேற்றினோம், எங்கே பழுதுபார்த்தோம் என்பதெல்லாம் இணைப்புவாரியாகப் பதிவாக வேண்டும்.

சின்ன வெல்டிங்தானே என்று விடவும் முடியாது. 1980 மார்ச் 27 அன்று வடகடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற எண்ணெய்த்துறை மேடை கவிழ்ந்து 123 பேர் மாண்டார்கள். அங்கே இரு உலோகச் சிக்கல் இல்லை. ஒரு கருவியின் தாங்கியைப் பொருத்திய 6 மி.மீ. வெல்டிங்கில்தான் அயர்ச்சி விரிசல் தொடங்கியது.

முதல் அமர்வில் ஷட்டவுனின்போது வெட்டியெடுத்த இணைப்புகளைப் பார்க்கப்போகிறோம். அவற்றைப் பற்றவைத்த வெல்டர்கள் முதலில் பேசட்டும், கட்டுரைகள் பிறகு வரட்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.