தெரியாதவருக்கும் தெரிய வேண்டிய குறி

 

இந்தக் கருத்தரங்கின் இரண்டு நாள்களும் நாம் பேசப்போவது விரல் நகத்தைவிடச் சிறிய ஓர் உலோகத் துண்டைப் பற்றி. கைத்துப்பாக்கிக் குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் தோட்டா இருந்தால் அதை வெளியே காட்டும் குறி அது. இவ்வளவு சிறிய பொருளுக்கு ஒரு கருத்தரங்கா என்று கேட்பவர்களுக்கு, 1994-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் நடந்த ஒரு சாவைச் சொல்ல விரும்புகிறேன்.

14 வயதுச் சிறுவன் ஒருவன் தன் தந்தையின் துப்பாக்கியை நண்பனுக்குக் காட்ட எடுத்தான். அவன் கவனமில்லாத பையன் அல்லன். தோட்டா நிறைந்த பெட்டியான மேகசினைக் கழற்றிவிட்டு, காலி மேகசினை மாட்டினான். இனி ஆபத்தில்லை என்று நம்பி விசையை அழுத்தினான். அறைக்குள் ஏற்கெனவே ஏறியிருந்த ஒற்றைத் தோட்டா வெடித்தது. 15 வயது நண்பன் இறந்துபோனான். அந்தத் துப்பாக்கியில் எச்சரிக்கைக் குறி இருந்தது என்பதுதான் நம்மை உலுக்க வேண்டிய செய்தி. தோட்டா அறையில் இருக்கும்போது பக்கவாட்டில் ஒரு சிறு கொக்கி சற்றே மேலெழும்பும். அதன்மேல் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். குறி தன் வேலையைச் செய்தது. ஆனால் அது என்ன சொல்கிறது என்பது அந்தச் சிறுவனுக்குத் தெரியாது.

நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்: ஏற்கெனவே தெரிந்தவருக்கு மட்டும் புரிகிற குறி எச்சரிக்கை ஆகாது. தெரியாதவருக்கும் புரிந்தால்தான் அது எச்சரிக்கை.

துப்பாக்கி காலி என்று தவறாக நம்பும் இந்தப் பிழை எப்படி நேர்கிறது என்பதை முதலில் பார்ப்போம். தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலில் தோட்டாக்கள் இரண்டு இடங்களில் இருக்கலாம். கைப்பிடிக்குள் செருகிய மேகசினில் வரிசையாக இருப்பவை ஒரு வகை; குழலின் பின்முனையில் உள்ள அறையில் சுடுவதற்குத் தயாராக இருக்கும் ஒன்று இன்னொரு வகை. மேகசினைக் கழற்றினால் முதல் வகை மட்டுமே வெளியேறும். இரண்டாவது அங்கேயே இருக்கும். ஆனால் பெட்டியை எடுத்துவிட்டால் பண்டமும் போய்விட்டது என்றுதான் மனித மனம் எண்ணுகிறது. அமெரிக்காவில் 1990-களின் இறுதியில் நடந்த ஒரு கருத்தாய்வில், மேகசின் கழற்றிய பிஸ்டலும் சுடும் என்பதை ஏறத்தாழ 35 சதவீதத்தினர் அறிந்திருக்கவில்லை. சுடாது என்று நம்பியவர்களும், தெரியாது என்றவர்களும் சேர்ந்த கணக்கு இது. மூவரில் ஒருவருக்குத் தெரியாத ஓர் உண்மையைத் தனிமனிதரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியுமா?

குறி காட்டும் எண்ணம் புதியதன்று. குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளில், கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் விட்டு, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். குழல் காலியாக இருக்கும்போது கோல் நிற்கும் இடத்தில் ஒரு கீறல் போட்டிருப்பார்கள். கீறல் குழலின் வாய்க்கு மேலே நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது என்று பொருள். 1908-இல் ஜெர்மானியப் படை ஏற்றுக்கொண்ட லூகர் பிஸ்டலில், தோட்டா அறைக்குள் போனதும் சுட்ட தோட்டாவின் உறையை வெளியே இழுக்கும் கொக்கி மேலெழும்பும். அதன் பக்கவாட்டில் ‘கெலாடன்’ என்ற சொல் தெரியும். ‘தோட்டா ஏற்றப்பட்டுள்ளது’ என்பது அதன் பொருள். வால்தர் நிறுவனத்தின் பிபிகே பிஸ்டலில் சுத்தியலுக்கு மேலே ஒரு சிறு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். இருட்டிலும் கட்டைவிரலால் தடவி அறியலாம்.

இவற்றுள் லூகர் சொல்லால் பேசுகிறது; வால்தர் தொடுதலால் பேசுகிறது; பெர்க்லியில் இருந்த துப்பாக்கி ஒரு நிறப் புள்ளியால் பேசியது. படைவீரனுக்கு மூன்றும் புரியும், ஏனென்றால் அவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அலமாரியில் துப்பாக்கியைக் கண்டெடுக்கும் குழந்தைக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வடிவமைப்பாளர் தம் மனக்கண்ணில் யாரை நிறுத்திக்கொண்டு வரைகிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இத்தகைய குறியால் எத்தனை உயிர் காக்கலாம்? அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகப் பணியாற்றும் பொதுக் கணக்கு அலுவலகம் 1991-இல் வெளியிட்ட அறிக்கை, தற்செயலாகச் சுடப்பட்டு நேர்ந்த 107 மரணங்களை ஆராய்ந்தது. அவற்றுள் 23 சதவீதத்தை, தோட்டா இருப்பதைக் காட்டும் குறி தடுத்திருக்கக்கூடும் என்றது. மேரிலாந்து மாநிலத்திலும் மில்வாக்கி வட்டாரத்திலும் 1990-களில் நேர்ந்த 117 மரணங்களை ஆராய்ந்து 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 20 சதவீதம் என்று கணித்தது. தனித்தனியே நடந்த இரண்டு ஆய்வுகளும் ஐந்தில் ஒன்று என்ற அளவுக்கு அருகில் வந்து நிற்பதைக் கவனியுங்கள். ஐந்தில் நான்கைத் தடுக்காது என்பதையும் அதே நேர்மையோடு ஒப்புக்கொள்வோம். குழந்தையின் கைக்கு எட்டாமல் பூட்டிவைப்பதற்கு எந்தக் குறியும் மாற்றாகாது. அதற்குச் சான்றாக, அட்லாண்டாவில் நடந்து 2001-இல் வெளிவந்த ஆய்வில், 8 முதல் 12 வயதுச் சிறுவர்களை ஓர் அறையில் விட்டார்கள். அங்கே செயலிழக்கச் செய்த நிஜத் துப்பாக்கி ஒன்று மறைத்துவைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டெடுத்த 48 சிறுவர்களில் 30 பேர் கையில் எடுத்தார்கள். 16 பேர் விசையை அழுத்தினார்கள்.

துப்பாக்கிப் பயிற்சியாளர்கள் ஓர் எதிர்வாதம் சொல்வதுண்டு. அதை மதிப்போடு அணுக வேண்டும். எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் தோட்டாவோடு இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்பது அவர்களின் முதல் விதி. குறியை நம்பப் பழகியவர் நேரில் சோதிப்பதை விட்டுவிடுவார். குறி பழுதானால் அந்த நம்பிக்கையே கொல்லும் என்பது அவர்கள் கவலை. இது நியாயமான கவலை. விதியைக் கைவிடாமலே இதற்கு விடை காண ரயில்வே நமக்கு வழிகாட்டுகிறது. பழைய கைகாட்டி மரத்தில் கம்பி அறுந்துபோனால் கை ‘நில்’ என்ற நிலைக்கே திரும்பும். பழுதானாலும் ஆபத்தைச் சொல்லும்படி அதை அமைத்தார்கள். தோட்டாக் குறியோ பழுதானால் மௌனமாகிவிடும். அந்த மௌனத்தைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

சுடுதல் விளையாட்டுக் களங்களில் தோட்டாக் குறியின் இந்த முறையைத் தலைகீழாக்கிவிட்டார்கள். சர்வதேசப் போட்டிகளில், சுடாத நேரத்தில் துப்பாக்கியின் அறைக்குள் பளிச்சென்ற ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கொடியைச் செருக வேண்டும். அறையில் தோட்டா இருந்தால் கொடி உள்ளே போகாது. ஆபத்து இருப்பதை அல்ல, ஆபத்து இல்லாததைத்தான் அது நிரூபிக்கிறது. கொடி தெரியாவிட்டால் துப்பாக்கியை ஆபத்தானதாகவே கொள்வார்கள். பயிற்சியாளர்களின் முதல் விதியும் கருவியும் இங்கே ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

சட்டத்தின் பங்கையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கிகள்மீது அதிகாரம் இல்லை. 1976-இல் நாடாளுமன்றமே அதைத் தெளிவாக விலக்கிவிட்டது. அதனால் பொறுப்பு மாநிலங்களிடம் வந்தது. கலிபோர்னியா 2003-இல் இயற்றிய சட்டம், 2007 முதல் புதிதாக அனுமதி பெறும் பிஸ்டல் வகைகளில் தோட்டாக் குறியும், மேகசின் இல்லாதபோது சுடவிடாத தடையும் இருக்க வேண்டும் என்றது. அச்சட்டம் தரும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. குறி எளிதில் கண்ணில் பட வேண்டும். அருகிலேயே எழுத்தோ படமோ இருக்க வேண்டும். கையேட்டைப் புரட்டாமல், துப்பாக்கியைப் பார்த்த மாத்திரத்தில் பயன்படுத்துபவருக்குப் புரிய வேண்டும். நான் இதுவரை சொன்னதைச் சட்டத்தின் மொழி இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டது. அந்த விதிகள் ஆயுத உரிமைக்கு முரணானவை என்று 2023-இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மாநில அரசு மேல்முறையீட்டுக்குச் சென்றது. உரிமைக்கும் பாதுகாப்புக்கும் இடையிலான இந்த வழக்கைச் சட்ட அமர்வில் விரிவாக விவாதிப்பீர்கள்.

அமர்வுகளுக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். வடிவமைப்பாளர்களே, உங்கள் குறியைத் துப்பாக்கியே தொட்டறியாத ஒருவரிடம் காட்டி, எதுவும் சொல்லாமல், அவர் என்ன புரிந்துகொள்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். மருத்துவ ஆய்வாளர்களே, இத்தகைய மரணங்களைப் பதிவுசெய்யும்போது, அந்தத் துப்பாக்கியில் குறி இருந்ததா, இருந்தும் புரியவில்லையா என்பதையும் எழுதுங்கள்; பெர்க்லி தந்த பாடம் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. பயிற்சியாளர்களே, மேகசினைக் கழற்றுவதோடு நிறுத்தாமல், அதன்பின் பிஸ்டலின் மேற்பாகத்தைப் பின்னிழுத்து, அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதிப்பதை ஒவ்வொரு மாணவரின் கைப்பழக்கமாக்குங்கள். இந்த வரிசை மாறினால் வெளியேற்றிய தோட்டாவின் இடத்துக்கு மேகசினிலிருந்து இன்னொன்று ஏறிவிடும்.

‘காலி என்று நினைத்தேன்’ என்று பின்னர் அழுத எத்தனையோ பேரை அந்தப் பெர்க்லிச் சிறுவனின் முகத்தில் நான் காண்கிறேன். அவன் தனக்குத் தெரிந்த வரையில் எச்சரிக்கையாகத்தான் இருந்தான். அவனுக்குத் தெரியாததை அவன் கையிலிருந்த கருவி அவனுக்குப் புரியும்படி சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லும் கருவியை உருவாக்கும் வழிகளைத் தேடும் இந்தக் கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.