பள்ளிக்கூடத்து மரத்துக்கு மே மாசம் யார் தண்ணி ஊத்துறது?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன், வட்டி, தணிக்கை எல்லாம் முதல் அமர்வில் பேசி முடிச்சுட்டோம். இப்ப நம்ம ஊர் தொடக்கப் பள்ளியில் நடக்கிற சுற்றுச்சூழல் வேலைகளைப் பத்திப் பேசப் போறோம். "அது வாத்தியார் பார்க்கிற வேலை, நமக்கு என்ன?"ன்னு சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

1972-ல் ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரத்தில் உலக நாடுகள் கூடிச் சுற்றுச்சூழலைப் பத்திப் பேசின. அடுத்த வருஷத்திலிருந்து ஜூன் 5 உலக சுற்றுச்சூழல் தினமாக் கொண்டாடப்படுது. நம்ம நாட்டுலயும் 1991-ல் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலைப் பள்ளிக்கூடத்தில் கட்டாயம் சொல்லித்தரணும்னு உத்தரவு போட்டது. அதனால ஜூன் மாசம் பள்ளி திறந்ததும் மரக்கன்று நடுறாங்க, போட்டோ எடுக்கிறாங்க. நல்ல காரியம்தான். ஆனா அடுத்த ஜூன் வரும்போது பல ஊரில் அதே குழியில் வேற கன்று நட வேண்டியிருக்கு. நடுவுல என்ன ஆச்சு?

எந்த மாசம் நடுறது?

விவசாயம் பார்க்கிற நமக்கு இது தெரியாத சங்கதி இல்லை. கோயம்புத்தூர், பல்லடம், காங்கயம், தாராபுரம் எல்லாம் மேற்கு மலைக்கு மறைவில் இருக்கிற ஊர்கள். ஜூன், ஜூலையில் கேரளாவில் கொட்டுற மழை பெரும்பாலும் மலைக்கு அந்தப்புறமே தீர்ந்துபோகுது. பாலக்காட்டுக் கணவாய் வழியா நமக்கு வர்றது காத்துதான். அம்மியே பறக்குமுன்னு சொல்ற ஆடிக் காத்தில், ஒரு அடிக் கன்று எப்படி நிக்கும்? வால்பாறை, ஆனைமலைப் பக்கம் கதை வேற. நம்ம சமவெளிக்கு ஐப்பசி, கார்த்திகைதான் மழை.

அதனால, ஜூன் 5 அன்னைக்குப் பிள்ளைங்க விதை சேகரிக்கட்டும், பையில் மண் போட்டு நாற்று வளர்க்கட்டும். ஆடியில் காய்கறி விதை போடலாம். புரட்டாசியில் 2 அடிக்கு 2 அடி குழி எடுத்து, தொழுவுரம் போட்டு ஆறவிடுங்க. ஐப்பசி மழை விழுந்ததும் மரக்கன்று நடுங்க. வேம்பு, புங்கன், நாவல், நெல்லி நம்ம மண்ணுக்குப் பழகின மரங்கள். கரண்டு கம்பிக்குக் கீழேயும் சுவத்தை ஒட்டியும் வேண்டாம்.

சமைக்கிறது நாம, சாப்பிடுறது நம்ம கண்ணுங்க

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் 1,545 பள்ளிகளில் தொடங்கினது. 2023 ஆகஸ்ட் 25-லிருந்து எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. அங்கே விடியக்காலையில் போய் உப்புமாவும் பொங்கலும் சாம்பாரும் செய்யறது மகளிர் குழுப் பெண்கள்தான். பள்ளிக்கூடத்துக்குள்ள நமக்கு இப்ப ஒரு அடுப்பு இருக்கு. அடுப்பு இருந்தா தண்ணியும் குப்பையும் நம்ம பொறுப்புதானுங்களே?

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பிள்ளை கையும் தட்டும் கழுவ 1 லிட்டர்னு வெச்சுக்கங்க. 50 பிள்ளைங்களுக்குக் காலையும் மதியமும் சேர்த்து 100 லிட்டர். அத்தனையும் சாக்கடைக்குப் போகுது. கழுவுற தொட்டியிலிருந்து சின்ன வாய்க்கால் வெட்டி, கூழாங்கல்லும் மணலும் போட்டு விட்டா, நாலு வாழையும் ஒரு பப்பாளியும் அதுலயே வளரும். ஓரத்தில் கல்வாழை வெச்சா அழகு. ஒண்ணு மட்டும் கவனம்: தண்ணி ஓரிடத்தில் தேங்கக் கூடாது. தேங்கினா கொசு வரும். உடைஞ்ச குடம், டயர், தேங்காத் தொட்டி எதுலயும் மழைத்தண்ணி நிக்க விடாதீங்க. டெங்கு கொசுவுக்கு அந்தக் கொஞ்சம் நல்ல தண்ணியே போதும்.

காய்த் தோலும் முட்டை ஓடும் குழிக்குப் போகட்டும். ரெண்டு குழி எடுங்க. காய்ந்த இலை ஒரு அடுக்கு, சமையல் கழிவு ஒரு அடுக்கு, கொஞ்சம் சாணிக் கரைசல். ஒண்ணு நிறைஞ்சா மூடிட்டு அடுத்ததில் போடுங்க. மூணு மாசத்தில் உரம் ரெடி. இலையைக் கூட்டித் தீ வைக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். அந்தப் புகையைச் சுவாசிக்கிறது ஒண்ணாம் வகுப்புக் குழந்தைங்க. காய்ந்த இலையை மரத்தடியில் மூடாக்காப் போட்டா ஈரமும் நிக்கும்.

முருங்கை, கறிவேப்பிலை, தக்காளி, கத்திரி, கீரை, இதுகளுக்கு ரெண்டு சென்ட் இடம் இருந்தாப் போதும். பள்ளியில் காய்கறித் தோட்டம் போடச் சொல்லி 2019-ல் மத்திய அரசே வழிகாட்டி வெளியிட்டிருக்கு. தான் தண்ணி ஊத்தின கீரையைப் பிள்ளை ஒதுக்கி வைக்காது.

பாடம் தனி, வேலை தனி இல்லை

நேரான பாட்டிலில் மழைத்தண்ணி பிடிச்சு, அடிக்குச்சியால் அளந்து, சுவத்தில் தேதி போட்டு எழுதினா அதுவே கணக்குப் பாடம். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் செய்து கற்றுக்கிறதைத்தான் சொல்லுது. எந்த மரத்தில் எந்தக் குருவி உட்காருதுன்னு எழுதினா அது மொழிப் பாடம்.

கடலை மிட்டாய் எங்கே, பாக்கெட் தீனி எங்கே? ஒரு வாரம் பள்ளியில் விழுற காகிதக் கவர்களை ஒரு சாக்கில் சேர்த்து வாசலில் தொங்கவிடச் சொல்லுங்க. பார்க்கிற பிள்ளைக்கு வேற பேச்சு வேண்டாம். 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கு. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கியாச்சு. தையல் தெரிஞ்ச நம்ம உறுப்பினர்கள் துணிப்பை தைக்கலாம், கடலை உருண்டை பிடிக்கலாம். பிள்ளைக்கும் நல்லது, குழுவுக்கும் வருமானம்.

இன்னொன்னு கண்டிப்பாச் சொல்லணும். சீமாறு எடுக்கிறது, தண்ணி தூக்கிறது எல்லாம் பொம்பளைப் பிள்ளைங்க தலையிலேயோ, ஒரு தெருப் பிள்ளைங்க தலையிலேயோ விழக் கூடாது. எல்லாப் பிள்ளைக்கும் முறை வரணும். கழிப்பறை கழுவுற வேலையை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கவே கூடாது. சுத்தம்ங்கிற பேரில் சாதியைச் சொல்லித்தர நாம விடக் கூடாதுங்க.

மே மாசம்

இப்ப முதல் கேள்விக்கு வருவோம். கன்று சாகிறது பெரும்பாலும் கோடை லீவில்தான். கேட்டுப் பூட்டியிருக்கும், ஆசிரியர் வெளியூர். வெயில் கொளுத்தும்.

ஈரோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் இருக்கு. 1996-ல் சரணாலயம் ஆனது. அதைச் சுத்தி இருக்கிற ஊர்களில் பறவைகள் மிரளக் கூடாதுன்னு தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கிறதில்லை. பல வருஷமா நிக்குது. ஊர் கூடி எடுத்த முடிவு, அதனால நிக்குது. திருப்பூர்ப் பக்கம் 2015-லிருந்து நடக்கிற வனத்துக்குள் திருப்பூர் முயற்சியிலும், தண்ணி விட்டுப் பார்த்துக்க ஆள் இருக்கிற இடமாப் பார்த்துத்தான் நடுறாங்க.

1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கின மகளிர் குழுக்கள் இத்தனை வருஷம் வளர்ந்தது எதனால? தவறாமக் கூடினோம், நோட்டுப் போட்டோம், முறை வெச்சோம். அதே வேலையை மரத்துக்கும் செய்வோம்.

லீவு சுமார் 6 வாரம். கன்றுக்கு வாரம் 2 தடவை ஒரு குடம் தண்ணி. ஆக 12 தடவை. குழுவில் 12 பேர் இருந்தா ஆளுக்கு ஒரே ஒரு நாள். ரெண்டு குழு சேர்ந்தா ஜோடியாப் போகலாம், பாரமே தெரியாது.

அதுக்கு மூணு காரியம் முன்கூட்டியே ஆகணும். முதல்ல, பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அதாவது நாமதான். கேட் சாவியும் மோட்டார் சாவியும் லீவில் யாரிடம் இருக்கும்னு அந்தக் கூட்டத்திலேயே எழுதி வாங்குங்க. ரெண்டாவது, மார்ச் 22 கிராம சபை. அது உலக தண்ணீர் தினம். கோடையில் பள்ளித் தொட்டிக்குத் தண்ணி விடணும்னு அன்னைக்கே மனுக் கொடுங்க. மே 1 வரைக்கும் காத்திருந்தா கன்று காத்திருக்காது. மூணாவது, நம்ம தீர்மான நோட்டு. யாருக்கு எந்தத் தேதின்னு பேர் போட்டு எழுதி, கையெழுத்து வாங்குங்க. வராதவங்களுக்கு என்ன அபராதம்னு அந்தந்தக் குழுவே முடிவு பண்ணட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் உங்க ஊர்ப் பள்ளியில் எத்தனை கன்று உயிரோட இருக்குன்னு எண்ணிட்டு வாங்க. நட்ட கணக்கு வேண்டாம், நிக்கிற கணக்கு மட்டும் போதும். சேமிப்பு நோட்டுக்குப் பக்கத்திலேயே அதையும் எழுதுவோம்.