விதை ஏறி வரும் வண்டி



ஐதராபாத் நகரில் பல இடங்களின் பெயர் 'பாக்' என்று முடியும். பஷீர்பாக், ஜாம்பாக், மூசாராம்பாக். பாக் என்றால் தோட்டம். இன்று அங்கே கட்டடங்கள்தான் நிற்கின்றன. பெயரில் மட்டும் தோட்டம் இருக்கிறது.

ஆனாலும் மக்களுக்குச் செடி ஆசை போகவில்லை. மொட்டை மாடியில் தொட்டி வைக்கிறார்கள். உடைந்த வாளியில் மண் போட்டுக் கீரை விதைக்கிறார்கள். உசேன் சாகர் ஏரிக்கரையில் செடிக் கண்காட்சி நடந்தால் குடும்பத்தோடு போகிறார்கள். விதைப் பாக்கெட் வாங்கி வருகிறார்கள்.

தக்காளி நன்றாகக் காய்க்கிறது. நல்ல பழமாகப் பார்த்து விதை எடுக்கிறார்கள். அடுத்த ஆண்டு அதை விதைக்கிறார்கள். செடி வருகிறது. ஆனால் காய் முன்போல இல்லை. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஏன் இப்படி? பாக்கெட்டில் இருந்தது வீரிய ஒட்டு விதை. இரண்டு ரகங்களைச் சேர்த்து உண்டாக்கியது. அதன் பிள்ளைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதனால் ஒவ்வோர் ஆண்டும் கடைக்குப் போக வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் காசு வேண்டும். மாடித் தொட்டிக்குப் பத்து இருபது ரூபாயோடு போய்விடும். நிலத்தை நம்பி வாழும் ஏழை என்ன செய்வார்?

ஐதராபாத்திலிருந்து மும்பை போகும் சாலையில் சுமார் 110 கிலோமீட்டர் போனால் ஜஹீராபாத் வரும். அதன் பக்கத்தில் பஸ்தாபூர் என்ற சிற்றூர். அந்தப் பகுதியில் பெரும்பாலும் மானாவாரி நிலம். மழை பெய்தால்தான் பயிர். அங்கே 1983ஆம் ஆண்டில் தக்காண வளர்ச்சிச் சங்கம் தொடங்கியது. ஊர் ஊராகப் பெண்கள் சங்கங்கள் ஏற்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். துண்டு நிலம் உடையவர்கள். பலருக்கு எழுத்தும் தெரியாது. ஆனால் விதை தெரியும்.

அந்தப் பெண்கள் ஆண்டுதோறும் ஒரு விழா நடத்துகிறார்கள். 20 ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. தெலுங்கில் அதற்குப் 'பாத பண்டல ஜாத்ரா' என்று பெயர். பழைய பயிர்களின் திருவிழா என்று பொருள். சங்கராந்தி நாளில் மாட்டு வண்டிகள் புறப்படும். வண்டிகளுக்கு அலங்காரம் செய்திருப்பார்கள். உள்ளே விதைகள் இருக்கும். ஏறத்தாழ ஒரு மாதம் வண்டிகள் ஊர் ஊராகப் போகும்.

வண்டியில் என்ன விதை? ஜொன்னலு, நமக்குச் சோளம். கொர்ரலு, நமக்குத் தினை. சாமலு, அது சாமையேதான். கந்துலு என்றால் துவரை. அவரை, எள், பயறு வகைகளும் உண்டு. பெயர் மாறினாலும் கையில் எடுத்துப் பார்த்தால் நம் பாட்டி வீட்டுத் தானியம்தான்.

வண்டி ஊருக்குள் வந்ததும் பாட்டோடு வரவேற்பார்கள். பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள். அதிகாரிகளும் வருவதுண்டு, படித்தவர்களும் வருவதுண்டு. அவர்கள் பேச்சு இருக்கட்டும். கேட்க வேண்டியது கிழவிகளின் பேச்சைத்தான். எந்த மண்ணுக்கு எந்தப் பயிர், எதோடு எதைச் சேர்த்து விதைப்பது, மழை தவறினால் எது தாங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரே ஏக்கரில் பத்துக்கு மேற்பட்ட பயிர்களைக் கலந்து விதைப்பவர்கள் அவர்கள். ஒன்று போனாலும் இன்னொன்று கஞ்சிக்கு ஆகும்.

விதைக்காமலே வரும் கீரைகளும் அந்த நிலத்தில் உண்டு. பண்ணைக் கீரை ஒன்று. தெலுங்கில் குனுகு என்பார்கள். அதன் பூவைத்தான் பதுகம்மா பண்டிகையில் அடுக்குவார்கள். களைக்கொல்லி அடித்த வயலில் கீரையும் இல்லை, பூவும் இல்லை.

இந்த விழா ஆண்டுதோறும் எதற்கு? ஒரு முறை நடத்தினால் போதாதா? போதாது. விதைக்கு உயிர் உண்டு. வெங்காய விதை ஓர் ஆண்டு தாண்டினாலே முளைப்பு குறையும். மற்றவையும் சில ஆண்டுகள்தான் தாங்கும். பானையில் பூட்டி வைத்தால் விதை செத்துவிடும். யாராவது விதைக்க வேண்டும், அறுக்க வேண்டும், மறுபடி எடுத்து வைக்க வேண்டும். அதனால் விதை இல்லாதவர் சங்கத்தில் கடனாக வாங்குவார். அறுவடையானதும் வாங்கியதைவிடக் கூடுதலாகத் திருப்பிக் கொடுப்பார். வட்டியும் விதைதான்!

2008இல் இந்தப் பெண்கள் மாச்சனூரில் தங்கள் சொந்த வானொலியைத் தொடங்கினார்கள். 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு சங்கத்துக்குக் கிடைத்தது.

விதையை எப்படிக் காப்பது? அங்கே மூங்கில் கூடையை மண்ணும் சாணமும் கொண்டு மெழுகுகிறார்கள். விதையோடு சாம்பலும் வேப்பிலையும் போடுகிறார்கள். மேலே வைக்கோல் வைத்து மெழுகி மூடுகிறார்கள். பூச்சி வராது.

மாடித் தோட்டத்துக்குக் கூடை வேண்டாம். நாட்டு அவரைக் கொடியில் நல்ல காய்கள் நாலைந்தைப் பறிக்காமல் விடலாம். அவை கொடியிலேயே காய வேண்டும். பிறகு உரித்து நிழலில் உலர்த்தி, கொஞ்சம் சாம்பல் கலந்து, ஈரமில்லாத பாட்டிலில் போட்டு மூடலாம். ஒரு துண்டுக் காகிதத்தில் விதையின் பெயர், எடுத்த மாதம், ஆண்டு, கொடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி ஒட்டலாம். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரு பிடி கொடுத்து வைப்பது நல்லது. இங்கே கொடி பட்டுப் போனாலும் அங்கே இருக்கும்.