கருவில் குழந்தை கிடக்கும் நிலையும் மகப்பேறும்

(வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் மகப்பேற்றைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். படித்த பிள்ளை உள்ள வீட்டில் கர்ப்பிணியின் பரிசோதனை அட்டையைப் படித்துச் சொல்ல ஆள் உண்டு. அவ்வட்டையில் கருவின் கிடக்கையைக் குறிக்கும் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியைப் பற்றியே பேச வந்துள்ளேன்.

இருபத்தெட்டாம் வாரத்தில் ஏறத்தாழ நான்கைந்து குழந்தைகளுள் ஒன்று தலை மேலாகவே இருக்கும். பின்னர்ப் பெரும்பாலானவை தாமே திரும்பிவிடுகின்றன. நாள் நிரம்பும்போது திரும்பாதவை நூற்றுக்கு 3 அல்லது 4 மட்டுமே. தலை முந்தி வருவதே இயற்கையின் ஏற்பாடு. மண்டை எலும்புகள் ஒட்டாமல் இருப்பதால், தலை மெல்ல மெல்ல வழிக்கேற்ப ஒடுங்கி இறங்குகிறது. பிட்டமோ காலோ முந்தினால் உடல் எளிதில் வந்துவிடும். பெரிய உறுப்பாகிய தலை கடைசியில் நிற்கும். ஒடுங்குவதற்கு அதற்கு நேரமில்லை; கொடியும் நசுங்கும். ஆகவே இத்தகைய பேறு வீட்டிலோ வழியிலோ நிகழலாகாது.

குறுக்கே கிடக்கும் குழந்தையின் நிலை இன்னும் கொடிது. நாள் நிரம்பிய குழந்தை அவ்வாறு கிடந்தபடியே பிறக்க இயலாது. நோவு நீடித்தால் கருப்பை கிழியும். தாயும் சேயும் மடிவர். தலை கீழேயிருந்தும், குழந்தையின் பிடரி தாயின் முதுகெலும்பை நோக்கியிருந்தால் இடுப்புவலி மிகும், நேரமும் நீளும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் நோவின்போதே திரும்பிவிடும். படுத்தே கிடவாமல் நடப்பதும் உட்கார்வதும் நல்லது.

காரணம் என்ன? பலமுறை ஈன்றமையால் தளர்ந்த கருப்பை, இரட்டைக் கரு, மிகுந்த பனிக்குட நீர், கீழே அமைந்த நஞ்சுக்கொடி, கருப்பைக் கட்டி இவற்றுள் ஏதேனும் ஒன்றாகலாம். பலருக்குக் காரணமே புலப்படுவதில்லை. கிரகணத்தில் வெளியே போனாள், தாண்டக்கூடாததைத் தாண்டினாள் என்று மருமகளைப் பழிப்பது அறியாமை.

இதனை அறியப் பெரிய கருவி வேண்டா. சென்ற நூற்றாண்டுக்கு முன்பே ஜெர்மானிய மருத்துவர் லெயோபோல்ட் வகுத்த நான்கு தொடுமுறைகளால், பயின்ற செவிலியரின் இரு கைகளே கண்டுபிடித்துவிடும். ஐயம் எழுந்தால் ஸ்கேன் உண்டு. ஆயினும் கேட்டால் கடிந்துகொள்வார்களோ என்றஞ்சி நம் பெண்கள் வாய்திறவாமல் திரும்புகின்றனர். "தலை எங்கே இருக்கிறது, அம்மா?" என்று முப்பத்தாறாம் வாரத்தில் கேட்பது அவர்கள் உரிமை.

அவ்வாரத்தில் தலை மேலே எனத் தெரிந்தால் வழிகள் உள. பெரிய மருத்துவமனையில், தகுதியுடையோர்க்கு, வயிற்றின்மேல் கைவைத்தே குழந்தையைத் திருப்புவதுண்டு; ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் கைகூடும். அதனை வீட்டில் பாட்டிமார் எண்ணெய் தேய்த்துச் செய்தல் ஆகாது. நஞ்சுக்கொடி பிரிந்து குருதி பெருகும். திரும்பாவிடில் பெரும்பாலும் அறுவைதான். அதற்கு நாழிகை குறித்துத் தரக் கேட்போர், கோச்செங்கட் சோழனின் வரலாற்றை நினைத்துப் பார்க்கட்டும். நல்ல நேரத்திற்காகப் பிறப்பைத் தாமதப்படுத்திய அவன் தாய், பிள்ளையைக் கண்டதும் உயிர் நீத்தாள் என்பதன்றோ கதை?

திண்டிவனத்திலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மரக்காணத்து உப்பளத்திலிருந்தோ செஞ்சிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்தோ நள்ளிரவில் புறப்படுவோர்க்கு அது நெடுந்தொலைவு. கரும்பு வெட்ட வெளியூர் சென்ற பெண்ணுக்கு அட்டையும் கையில் இராது. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், பேற்றுக்கு முன்னரே தாய்க்கு ஓய்வு வேண்டுமென வாதிட்டார். கடைசி மாதத்தில் வேலைக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்துவது அவ்வாதத்தை நம் தெருவில் நிறைவேற்றுவதாகும்.

மற்றொன்று. தலை இறங்காத நிலையில் பனிக்குடம் உடைந்தால் கொடி முன்னே நழுவலாம். கொடி வெளியே தென்பட்டால் அதனை உள்ளே தள்ள முயலாதீர்கள். தாயை முழந்தாளிட்டுக் குனிந்து, இடுப்பு உயர்ந்து மார்பு தாழ்ந்திருக்கச் செய்யுங்கள். உடனே 108ஐ அழைத்து, குழந்தையின் கிடக்கையை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அட்டையை எடுத்துச்செல்ல மறவாதீர்கள்.