குடத்து விளக்கும் குன்றத்து விளக்கும்

(திருவண்ணாமலையில் மாணவரும் உழவரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கார்த்திகைத் திங்களில் இவ்வூர் மலையின் உச்சியிலே, 2,668 அடி உயரத்திலே, கொப்பரையில் தீபம் ஏற்றுகிறார்கள். பல கல் தொலைவிலுள்ள சிற்றூரும் அதனைக் காண்கிறது. அதே நெய்யை, அதே திரியைக் குடத்துக்குள் வைத்து ஏற்றினால்? ஒளி இருக்கும், ஊருக்குப் பயன் இராது!

நம் பல்கலைக் கழகங்களின் ஆராய்ச்சி, பெரும்பாலும் குடத்து விளக்காகவே இருக்கிறது. ஆராய்கிறார்கள், ஏடு எழுதுகிறார்கள், பட்டம் பெறுகிறார்கள். ஏடு நூலகத்தில் உறங்குகிறது; உழவனின் களத்துமேட்டுக்கு வந்து சேருவதில்லை.

இம்மாவட்டம் நிலக்கடலை விளையும் மண். சரியாக உலராத காயிலே ஒரு பூஞ்சை படர்கிறது. அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு அதிலே பிறக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, நாவுக்கும் தெரியாது. அயல்நாட்டுத் துறைமுகத்திலே சோதித்து, சரக்கைத் திருப்பி அனுப்புகிறார்கள். இழப்பு யார் தலையிலே விழுகிறது? ஏற்றுமதியாளர் தலையிலா? இல்லை, விலை குறைந்து கடைசியில் உழவன் தலையிலே விழுகிறது!

களத்திலேயே காயை உலர்த்த மலிவான பொறி வேண்டும். விற்பனைக் கூடத்திலேயே நஞ்சைக் கண்டறியும் கருவி வேண்டும். இது ஒருவரால் ஆகும் செயலன்று. பயிர்நோய் அறிந்தவர் வாழவச்சனூர் வேளாண் கல்லூரியில் இருக்கிறார். பொறி அறிந்தவர் ஆரணிப் பொறியியல் கல்லூரியில் இருக்கிறார். வேதியியல் அறிந்தவர் இவ்வூர் அரசு கலைக் கல்லூரியிலும் வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக் கழகத்திலும் இருக்கிறார். எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமோ திண்டிவனத்தில் இருக்கிறது. ஆளுக்கொரு திசையில் இழுத்தால் தேர் நகருமா, தோழர்களே? வடம் ஒன்றாக வேண்டாமா?

ஆகுமா இது என்று ஐயுறுவோர் உண்டு. திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியை ஒட்டி 1986ஆம் ஆண்டிலேயே தொழில் முனைவோர் பூங்கா தோன்றிற்று. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சிப் பூங்கா 2010இல் திறக்கப்பட்டது. அங்குப் பயின்ற இளைஞர் இருவர் 2013இல் தொடங்கிய ஏதர் நிறுவனம், இன்று ஓசூரில் மின்சார ஸ்கூட்டர் செய்கிறது. அங்கே வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினைப் பொருத்தி, 2024 மே 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டை ஏவிற்று. சென்னையிலே முடிந்தது செங்கத்திலும் செய்யாற்றிலும் முடியாதா?

"கல்விக்கூடத்தைக் கடைவீதி ஆக்குவதா?" என்று கேட்பர். நல்ல கேள்வி, தள்ளிவிடக் கூடாத கேள்வி. கூகுள் நிறுவனத்தின் தேடுமுறைக்கான காப்புரிமை, அது பிறந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்திடம் இருந்தது. அதற்கு ஈடாகப் பங்குகளைப் பெற்ற பல்கலைக் கழகம், 2005இல் அவற்றை விற்று 33 கோடியே 60 லட்சம் டாலர் ஈட்டிற்று. ஆனால் நாமோ மக்கள் வரிப்பணத்தில் ஆராய்ச்சி செய்துவிட்டு, பயனை முதலாளிக்கு வெறுங்கையோடு தாரை வார்த்தால், அது கொடையன்று, ஏமாளித்தனம்!

ஆகவே மூன்றைக் கேட்போம். இவ்வட்டாரக் கல்லூரிகள் அனைத்துக்கும் பொதுவாகக் காப்புரிமையும் ஒப்பந்தமும் கவனிக்கும் அலுவலகம் ஒன்று வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே வழக்கறிஞரைத் தேடி அலைய இயலாது. மாணவர் தொடங்கும் நிறுவனத்துக்கு முதற்பணம் வேண்டும். அதற்கு ஈடாகக் கல்லூரிக்குப் பங்கு வேண்டும். மூன்றாவது, முதன்மையானது: எந்த உழவன் நிலத்திலே சோதனை நடந்ததோ, அவனுக்கும் ஊதியத்திலே பங்கு வேண்டும், அவன் வாங்கத்தக்க விலையிலே பொறி கிடைக்க வேண்டும்.

மாணவத் தோழர்களே! உங்கள் ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு ஒருமுறை விற்பனைக் கூடத்துக்குச் செல்லுங்கள். மூட்டையின்மேல் அமர்ந்திருக்கும் உழவரிடம் பேசுங்கள். அவர் கேட்கும் கேள்விக்கு உங்கள் ஏட்டிலே விடை இருக்கிறதா என்று பாருங்கள்.

குடத்து விளக்கைக் குன்றத்தில் ஏற்றுவோம்!